நாலு பேர்

மதம் மாறுவதைப் பற்றி நம் நாட்டில் அபிப்பிராயம் இல்லாதவர் யாருமில்லை. மாறுவது துரோகம் என்று ஒரு கட்சி. மாறுவது மனிதனின் உரிமை என்று மற்றொரு கட்சி. மேடை போட்டுப் பேசுகிறார்கள், பத்திரிகையில் எழுதுகிறார்கள், சட்டசபையில் சண்டை போடுகிறார்கள். 2002ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத்தைத் தடுக்க என்று ஒரு சட்டமே கொண்டு வந்தார்கள். கொண்டு வந்தவர்களே பிறகு அதைத் திரும்பப் பெறவும் செய்தார்கள். மாறுவதற்கு முந்தின நாள் அவனுக்கு யார் ஆசை காட்டினார்கள் என்று விசாரிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மாறுகிற அன்று வாழ்த்தவும் வையவும் இன்னும் ஓர் ஆயிரம் பேர்.

மாறிய மறுநாள்?

மறுநாள் அவன் எங்கே சாப்பிட்டான், யாருடன் பேசினான், அவன் வீட்டுத் திண்ணையில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று விசாரித்த ஆள் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அந்த மறுநாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வாசகர்களில் சிலருக்குக் கோபம் வரக்கூடும். வரட்டும். கோபமாவது வந்தால் தேவலை என்றுதான் எழுதுகிறேன்.

ஓர் ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போயிருந்தேன். கோமதியம்மன் தவமிருந்து, இறைவனைச் சங்கரனும் நாராயணனுமாக ஒரே திருமேனியில் கண்ட நாள் அது. சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் சண்டையிட்டார்களாம். அந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கவே அம்பாள் தவமிருந்தாளாம். வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். கதையை நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் அந்தக் கதையைக் கட்டியவனின் மனசையாவது கும்பிடலாம். புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு ஜனங்கள் அலை அலையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு எதிர்த் திசையில் ஒரு மனிதர் சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கி வந்தார். பார்த்தால் என் பழைய சிநேகிதர். சங்கரன்கோவில்தான் அவருக்குச் சொந்த ஊர். பிழைப்புக்காக இருபது வருஷத்துக்கு முன்பே வேறோர் ஊருக்குப் போய், ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிக் கொண்டிருப்பவர். அந்த ஊரின் பெயரும் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். நான் சொல்லப் போவது ஓர் ஊரின் குற்றமல்ல.

"என்ன அண்ணாச்சி, எல்லாரும் கோயிலுக்குப் போறாக, நீங்க எதிர்த்தாப்பல வாறீக?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "தம்பிமார் எல்லாம் கோயிலுக்குப் போயிருக்கிற நேரமாப் பார்த்து வந்தேன். தங்கச்சியைப் பார்த்துட்டு, அம்மா இருந்த வீட்டையும் ஒரு நடை பார்த்துட்டுப் போயிரலாம்னு."

ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். மெதுவாகத்தான் விஷயம் வெளிவந்தது. நாலு வருஷத்துக்கு முன்பு அவர் கத்தோலிக்கர் ஆகியிருக்கிறார். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை; யாரும் எதுவும் கொடுக்கவுமில்லை. பெரிய வியாதி ஒன்று வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஒரு புதிய ஏற்பாட்டைப் படிக்கக் கொடுத்திருக்கிறார். படித்தார். படித்தது விடவில்லை. உபதேசியாரிடம் ஒரு வருஷம் பாடம் கேட்டு, பாஸ்கா இரவில் கையில் மெழுகுவர்த்தியுடன் ஞானஸ்நானம் பெற்றார். "அந்த ராத்திரி மாதிரி ஒரு ராத்திரி என் ஆயுசிலே கிடையாது அண்ணாச்சி" என்று சொன்னபோது, நாலு வருஷம் கழித்தும் அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

இந்த இடத்தில் வாசகரை ஒரு கேள்வி கேட்க வேண்டும். "அவர் என்ன ஜாதி?" என்ற நினைப்பு உங்களுக்கு இதற்குள் வந்துவிட்டதா இல்லையா? வந்திருக்கும். நான் சொல்லப் போவதில்லை. பங்குக் கோயிலில் அவரிடம் முதல் மாதமே கேட்டார்கள். நேரடியாக அல்ல, நம் ஜனங்கள் நாகரிகமானவர்கள். "சொந்த ஊர் எது?" என்று கேட்டார்கள். "ஊரிலே எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். "பழைய பேர் என்ன?" என்று கேட்டார்கள். பழைய பெயரில் கிடைக்கும் தகவலுக்காகத்தான் பழைய பெயர். தகவல் கிடைத்ததும் ஒரு சாரார் விலகிக்கொண்டார்கள். மற்றொரு சாரார், "நம்ம ஆளுதான்" என்று நெருங்கினார்கள். விலகியதைவிட இந்த நெருக்கம்தான் அவரை அதிகமாக வருத்தியிருக்கிறது. "எதை விட்டுட்டு வந்தேனோ அதையே வாசல்லே வச்சு வரவேத்தாக" என்றார்.

மற்றபடி யாரும் அவரிடம் கடுஞ்சொல் சொல்லவில்லை. அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். சாமியார் நல்லவர், ஆனால் தலைமைக் கோயிலோடு கிளைக் கிராமங்களும் அவர் தலையில். பூசை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் பறக்க வேண்டியவர். ஞானத்தகப்பனாக நின்ற பெரியவரை ஞானஸ்நானத்துக்கு இரண்டு நாளைக்கு முன்பு உபதேசியார் பிடித்து வந்தாராம். அவர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார், ஒரு ஜெபமாலை கொடுத்தார், போய்விட்டார். பூசையில் சமாதானம் சொல்லும் வேளையில் நம் நாட்டில் கைகூட அவ்வளவாகக் குலுக்குவதில்லை; கைகூப்பித் தலை வணங்கினால் போதும். காசு செலவில்லாத காரியம். அதற்கும் பக்கத்தில் இருப்பவர், அந்தப் பக்கம் இருக்கும் சொந்தக்காரரை நோக்கித் திரும்பிக்கொள்வார். என் சிநேகிதர் கூப்பிய கையைக் கூப்பியபடியே பீடத்தைப் பார்த்துக்கொள்வார்.

"எல்லாரும் நல்லவுகதான் அண்ணாச்சி. ஆனா ஒருத்தரும் வீட்டுக்கு வரல."

அந்தத் தை மாதம் அவர் தாயார் சங்கரன்கோவிலில் காலமாகிவிட்டாள். மூத்த மகன் இவர். தகவல் கிடைத்து ஓடி வந்தார். கொள்ளி வைக்கும் உரிமை உனக்கில்லை என்று தம்பிமார் சொல்லிவிட்டார்கள். 'சாமியை மாத்தினவன் பாடையைத் தொடக் கூடாது' என்றானாம் ஒருவன். தெருக்கோடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனார். தாடி மழிக்காத முகத்தைப் பார்த்து என்ன ஏது என்று கேட்க ஆளில்லை. தாயாரின் ஆத்துமத்துக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று கோயில் ஆபீசுக்குப் போயிருக்கிறார். அங்கிருந்தவர் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "உங்க அன்பியம் எது? இந்த வருஷச் சந்தா கட்டியாச்சா?" என்று கேட்டாராம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார். வெகு சாதாரணமாக, காப்பி டம்ளரை மேஜைமேல் வைத்துக்கொண்டே கேட்டார்: "தூக்கறதுக்கு நாலு பேர் வேணும்பாங்களே அண்ணாச்சி. பழைய நாலு பேரை நானே விட்டுட்டு வந்துட்டேன். புது நாலு பேரு யாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

கோயில் கும்பிடுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "அவர் கடவுளைத் தேடி வந்தாரா, மனிதர்களைத் தேடி வந்தாரா? கடவுள்தான் நற்கருணைப் பேழையில் இருக்கிறாரே! மனிதர்கள் முகம் கொடுக்கவில்லை என்று வருந்துவது விசுவாசக் குறைவு" என்பார்கள். பேச்சு பக்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்பவர் யார் என்று கவனியுங்கள். பாட்டன் காலத்துப் பெஞ்சில் தம் மனைவி மக்கள், மைத்துனன், சம்பந்தி சூழ உட்கார்ந்திருப்பவர். மகள் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க மூன்று ஞாயிறும் கோயிலில் பெயர் கேட்டவர். தாம் செத்தால் எந்தக் குடும்பக் கல்லறையில் கிடப்போம் என்பதுகூட அவருக்குத் தெரியும். மனிதர்களையெல்லாம் தன் பக்கம் வைத்துக்கொண்டு, அடுத்தவனைப் பார்த்து "உனக்குக் கடவுள் போதும்" என்பது பக்தியா? வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்கு உபவாசத்தின் பெருமையைச் சொல்வது போன்றது அது.

அவர்களுடைய வேதமே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. சவுல் என்பவன் கிறிஸ்தவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டுக்கொண்டிருந்தவன். தமஸ்கு போகும் வழியில் ஒளியைக் கண்டு மாறினான். ஒளியோடு விஷயம் முடிந்துவிடவில்லையே! கண் தெரியாமல் மூன்று நாள் கிடந்தவனிடம் அனனியா என்ற மனிதர் போய், கை வைத்து, சகோதரன் என்று அழைக்க வேண்டியிருந்தது. பிறகு எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் எல்லோரும் அவனைக் கண்டு பயந்து ஒதுங்கினார்கள். பர்னபா என்பவர் கையைப் பிடித்து அழைத்துப் போய் உள்ளே சேர்த்தார். வானத்திலிருந்து நேரடியாகக் குரல் கேட்டவனுக்கே இரண்டு மனிதர் தேவைப்பட்டார்கள் என்றால், ஜவுளிக் கடைக் கணக்கருக்குத் தேவைப்படாதா? அந்தப் பர்னபா ஒருவர் இல்லாதிருந்தால் பின்னால் வந்த அத்தனை நிருபங்களும் உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

திருச்சபையின் சட்டமும் இதையே சொல்கிறது. பழைய காலத்தில் பெரியவர்களாக வந்து சேர்கிறவர்களைப் படிப்படியாகச் சேர்த்துக்கொள்ளும் முறை ஒன்று இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. 1972இல் அதற்கான சடங்குமுறை நூலே ரோமாபுரியிலிருந்து வெளிவந்தது. அந்த முறையில் ஞானஸ்நானம் கடைசிப் படியல்ல. அதற்குப் பிறகும் ஒரு காலம் உண்டு. பாஸ்கா தொடங்கிப் பெந்தெகொஸ்தே வரையில் புதியவர்களைச் சபை தன் நடுவில் வைத்துக்கொண்டு, தானும் அவர்களோடு சேர்ந்து வளர வேண்டும் என்பது ஏற்பாடு. வருகிறவர்களைச் சேர்ப்பது சாமியாரின் வேலை மட்டுமல்ல, ஞானஸ்நானம் பெற்ற அத்தனை பேருடைய வேலையும்தான் என்று அந்த நூல் சொல்கிறது. நம் பங்குகளில் பல இடங்களில் நடப்பதோ, படகில் ஏற்றும்வரை கூவிக் கூவி அழைத்துவிட்டு, ஏறியவனுக்கு உட்கார இடமுண்டா என்று திரும்பிப் பாராத கதைதான்.

ஏன் இப்படி? கத்தோலிக்கர்கள் கல் நெஞ்சக்காரர்கள் என்பதாலா? இல்லை. வெள்ளம் வந்தால் கஞ்சி காய்ச்சி ஊற்றுவதில் அவர்களுக்கு நிகரில்லை. தொழுநோயாளியைத் தொட்டுக் கழுவிய கன்னியாஸ்திரீகளை நாடே அறியும். தொழுநோயாளியைத் தொடும் கை, பக்கத்துப் பெஞ்சுக்காரரைக் கும்பிட ஏன் தயங்குகிறது? தர்மம் செய்வது சுலபம். கொடுப்பவர் மேலேயும் வாங்குபவர் கீழேயும் இருந்துகொள்ளலாம். சரிசமமாக உட்காருவதற்குத்தான் தைரியம் வேண்டும். நம் பங்கு என்பது ஆண்டவர் அழைத்த கூட்டமாக இருப்பதற்கு முன்பு சொந்தக்காரர்களின் கூட்டமாக இருக்கிறது. சொந்தக்காரர் கூட்டத்தில் அந்நியனுக்கு என்ன உறவுமுறை சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மாமனா, மச்சானா, சித்தப்பாவா? எதுவும் இல்லை என்றால் யாருமில்லை.

இது இன்று வந்த வியாதியும் அல்ல. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, சந்நியாசி வேஷம் பூண்டு, சைவ உணவு உண்டு, உயர்ந்த ஜாதியார் தம் ஜாதியை விடாமலே கிறிஸ்தவராகலாம் என்று வழி திறந்தார். ஏற்கெனவே மதுரையில் பரதவருக்கென்று இருந்த கோயிலிலிருந்து தம்மைப் பிரித்துக்கொண்டார். அந்தத் தமிழறிஞரைக் குறை சொல்ல நான் யார்? அந்தக் காலத்தில் அவருக்கு வேறு வழி தோன்றியிராமல் இருக்கலாம். ஆனால் கதவைத் திறந்த கையே உள்ளே ஒரு தட்டியையும் கட்டிவிட்டது. தட்டி சுவராயிற்று. சந்நியாசிச் சாமியார்கள் ஒரு சாராருக்கு, பண்டாரச் சாமியார்கள் மற்றவர்களுக்கு என்று குருமார்களையே பிரித்து வைத்தார்கள்.

சுவர் என்றால் உவமைக்குச் சொல்லவில்லை. வடக்கன்குளத்துக்குப் போய்க் கேளுங்கள். 1745ஆம் ஆண்டு அங்கேதான் திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தரான நீலகண்டர், தேவசகாயம் என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு முதல் பாடம் சொன்னவர். மாறிய பின் எல்லா ஜாதியாரோடும் அவர் கலந்து பழகியது அரண்மனைக்காரர்களின் கண்ணை உறுத்தியது என்று சொல்வார்கள். சிறைப்பட்டு, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் தேதி ரோமாபுரியில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள்.

அந்தப் புனிதருக்குத் தண்ணீர் ஊற்றிய அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, ஜனங்கள் நிற்க இரண்டு கைகள், நடுவே தடுப்பு. ஒரு கை ஒரு ஜாதியாருக்கு, மற்றொரு கை மற்றவர்களுக்கு. கால்சட்டை வடிவக் கோயில் என்று அதைச் சொல்வார்கள். ஒரு பீடத்தில் நடக்கும் ஒரே பூசையை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே காண்பதற்குக் கொத்தனாரின் மூளையைச் செலவழித்திருக்கிறார்கள்! 1910இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தார். உரிமை போயிற்று என்று வழக்குப் போட்டார்கள், சென்னை உயர்நீதிமன்றம்வரை போனார்கள், தோற்றார்கள். பிரெஞ்சுக்காரர் ஒருவர் வந்து இடித்து, வெள்ளைக்காரன் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லித்தான் தமிழ்க் கிறிஸ்தவன் தமிழ்க் கிறிஸ்தவனோடு நிற்க வேண்டியிருந்தது. இது வெட்கமில்லையா?

"அதெல்லாம் பழைய கதை" என்பீர்கள். 2008ஆம் ஆண்டு பழைய கதையா? அந்த மார்ச் மாதம் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் கத்தோலிக்கருக்கும் கத்தோலிக்கருக்கும் நடந்த ஜாதிச் சண்டையில் போலீஸ் துப்பாக்கி சுட்டு இரண்டு உயிர் போயிற்று. திருச்சியில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே செத்தவர்களைப் பிரிக்க நின்ற சுவரைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. 2003இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களை எதிரே உட்கார வைத்துக்கொண்டே ஜாதி வேற்றுமையைக் கண்டித்தாரே, காரணமில்லாமலா கண்டித்தார்?

இன்னொன்று கேட்கிறேன். 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவின்படி தாழ்த்தப்பட்ட ஜாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் அந்தப் பட்டியலின் சலுகைகளை இழக்கிறார். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தத் தடையை நீக்கினார்கள், கிறிஸ்தவருக்கு நீக்கவில்லை. இது அநியாயம் என்று ஆயர்களும் குருக்களும் போராடுகிறார்கள். அவர்களோடு நானும் சேர்ந்தே குரல் கொடுப்பேன். ஆனால் டில்லிக்கு மனுப் போடும்போது, "எங்களிடையே ஜாதிக் கொடுமை இருக்கிறது" என்று எழுதுகிறோம். பங்கிலே ஒருவன் எழுந்து அதையே சொன்னால், "இங்கே அப்படியெல்லாம் கிடையாது, சமாதானத்தைக் கெடுக்காதே" என்று உட்கார வைக்கிறோம். மனுவில் உள்ளது உண்மையா, பங்கில் சொல்வது உண்மையா? இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து செங்கோட்டைப் பக்கம் போனால் மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரியில் அங்கே சுமார் 180 தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் இஸ்லாத்தில் சேர்ந்தன. பாராளுமன்றம்வரை அதிர்ந்தது. பெரிய தலைவர்கள் எல்லாம் அந்தச் சின்ன ஊரைத் தேடி வந்தார்கள். வெளிநாட்டுப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். இந்த நெல்லைச் சீமையில் கோயிலும் பள்ளிக்கூடமும் வைத்து முன்னூறு வருஷத்துக்கு மேலாகக் கிறிஸ்தவம் இருக்கிறது. வீரமாமுனிவர் வாழ்ந்த காமநாயக்கன்பட்டி இங்கிருந்து வெகுதூரமில்லை. "அத்தனை அருகில் நாம் இருந்தும், தோளோடு தோள் நிற்க இடம் தேடிய அந்த ஜனங்களுக்கு நம் கோயில் வாசல் ஏன் ஞாபகத்துக்கு வரவில்லை?" என்று கிறிஸ்தவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. எத்தனை பேர் கேட்டுக்கொண்டார்கள்?

இவ்வளவும் படித்துவிட்டு இந்து அன்பர்கள் சிலர் மனத்துக்குள் மகிழ்ச்சியோடு தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. "பார்த்தீரா, அங்கே போனாலும் இதே கதிதான். பேசாமல் இங்கேயே கிடந்திருக்கலாம்" என்று. அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஜாதியைக் கிறிஸ்தவர்கள் ரோமாபுரியிலிருந்து கப்பலில் இறக்குமதி செய்யவில்லை. நம் வீட்டுக் கொல்லையிலிருந்துதான் எடுத்துப் போனார்கள். மேலும், தாயின் சிதைக்கு அருகே மூத்த மகனை நிற்க விடாதவர்கள் எந்த மதத்தார்? சிவனையும் திருமாலையும் ஒரே உடம்பில் வைத்துக் கும்பிடுகிற ஊரில், அண்ணனையும் தம்பியையும் ஒரு சுடுகாட்டில் நிற்க விடவில்லை. தேரோடும் வீதியில் நாம் கூடிப் பார்க்கும் காட்சிக்கு அர்த்தம் என்ன?

என் சிநேகிதர் இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து தெருவில் நிறுத்திய மனிதர். அந்தப் பக்கம் அவர் செத்தவர் கணக்கு. இந்தப் பக்கம் இன்னும் பிறக்காதவர் கணக்கு.

பரிகாரம் என்ன என்று கேட்பீர்கள். பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம்; கமிட்டி வேண்டவே வேண்டாம். ஞானத்தகப்பனாக நிற்பவர் கையெழுத்துப் போட மட்டும் வரக் கூடாது. ஒரு வருஷம் ஞாயிறுதோறும் அந்தப் புதிய குடும்பத்தைத் தம் பெஞ்சில் தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள முடியும் என்பவர்தான் நிற்க வேண்டும். அன்பியக் கூட்டம் மாதம் ஒரு வீட்டில் நடக்கிறதல்லவா? புதியவர் வீட்டில் முதலில் நடக்கட்டும். அவரை உங்கள் வீட்டுக்கு விருந்துக்கு அழைப்பது போதாது. அது தர்மக் கணக்கில் போய்விடும். அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவி கையால் போட்ட காப்பியை, அவர் வீட்டு டம்ளரில் குடியுங்கள். நம் நாட்டில் இதைவிடப் பெரிய ஞானஸ்நானம் கிடையாது. பழைய பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு, தாயார் சுகமா என்று கேளுங்கள். புனிதர் தேவசகாயத்தின் பெயரோடு ஒட்டியிருந்த ஜாதிப் பட்டத்தை எடுத்துவிடும்படி ரோமாபுரிக்கு விண்ணப்பம் போயிற்று, எடுத்தும் விட்டார்கள். செத்து இருநூற்றெழுபது வருஷமான புனிதருக்குச் செய்ததை உயிரோடிருக்கும் பங்குக்காரருக்குச் செய்யக் கூடாதா?

"உமக்கென்ன வந்தது? நீர் வெளியாள்" என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் உள்ளே இருப்பவர்கள் பேசியிருந்தால் அந்த மனிதர் வெளியாளான என்னிடம், காப்பிக் கடையில் உட்கார்ந்து, செத்தால் தூக்குவதற்கு ஆள் கேட்டிருக்க மாட்டார்.

எழுந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தோம். "இப்படியெல்லாம் ஆனபிறகும் அந்தக் கோயிலுக்குப் போறீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"போகாம? நான் அவுகளைப் பார்த்தா சேர்ந்தேன்?" என்றார். பிறகு சற்று நின்று, ஒரு விஷயத்தை மறந்துவிட்டவர்போல் சொன்னார். கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் ஒரு கிழவி. புருஷனும் பிள்ளைகளும் இல்லாதவள். இவர் தாயார் இறந்த செய்தி எப்படியோ காதில் விழுந்து, விலாசம் விசாரித்துக்கொண்டு, கால் கிலோ சர்க்கரையும் ஒரு மெழுகுவர்த்தியுமாக இவர் வீட்டுக்கு வந்திருக்கிறாள். யார் என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. இவர் மனைவியைக் கட்டிக்கொண்டு, பார்த்தே இராத ஒரு சங்கரன்கோவில் அம்மாளுக்காக ஒரு மணி நேரம் அழுதுவிட்டுப் போனாளாம்.

"அந்தக் கிழவி தூக்க மாட்டா அண்ணாச்சி, தூக்க அவளுக்குத் திராணியும் இல்லை. ஆனா அழ ஒரு ஆள் கிடைச்சிட்டா. தூக்கற நாலு பேர்தான் இனிமே வரணும்."

பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். தபசுக் காட்சி முடிந்து ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தம்பிமார் வீடு திரும்புவதற்குள் அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

அந்த நாலு பேர் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதியிருக்கிறேன்.